நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்

கீழ்ப்பாறை எஸ்டேட்டில் கத்தரீனாளிடம் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "காலை வண்டிக்குப் போனா கடைசி வண்டிக்குத் திரும்பிரலாம்" என்பாள். இல்லாவிட்டால், "அங்க போனா ராத்தங்கணும்" என்பாள். மலையில் பிறந்து, மலையிலேயே கொழுந்து கிள்ளி, ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு அதற்கு மேல் ஒரு கணக்குத் தேவைப்பட்டதே இல்லை. போடிமெட்டு ரோட்டில் காரை நிறுத்தும் டூரிஸ்டுகள் எதிர்மலையைக் கை நீட்டிக் காட்டி, இதோ பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில்தான் இருக்கிறது. நிலாவும் பக்கத்தில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

எதிர்மலையின் பெயர் ஆனைக்கல். கீழ்ப்பாறைக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு பள்ளத்தாக்கு. கீழ்ப்பாறையின் தேயிலை ஃபேக்டரியை எப்போதோ மூடிவிட்டார்கள் என்பதால், இங்கே கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆனைக்கல் ஃபேக்டரியின் சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் கூடையை இறக்கிவைத்துப் பால் விடாத கட்டன் சாயா குடிக்கிறார்கள். அவ்வளவு தெளிவாகக் கேட்கும். ஆனால் அங்கே போக வேண்டுமானால் பூப்பாறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு போகும் இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ் வந்தால்தான் வந்தது. கண்டக்டர் கணக்கில் நாற்பத்தாறு கிலோமீட்டர். குடலைப் புரட்டும் வளைவுகளுக்குத் தனிக் கணக்குப் போட்டால் இன்னும் கூடும்.

அந்தக் காலத்தில் இரண்டு மலைக்கும் ஒரே கம்பெனி. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அதனால்தான் கீழ்ப்பாறை செபஸ்தியார் பெருநாளில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. தை மாதத்தில் சப்பரம் தொழிலாளர்களின் லயன் வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டுச் சிலுவைப்பாறை என்கிற மொட்டைப் பாறைக்கு ஏறும். அங்கே சப்பரத்தை நான்கு திசைக்கும் திருப்புவார்கள். கடைசியாக எதிர்மலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, பேண்டு செட் அடிவயிற்றிலிருந்து வாசிக்கும். அங்கே முற்றத்தில் காத்து நிற்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பஸ் ஏறி வர முடியாதவர்களுக்குப் பெருநாள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

கத்தரீனாளின் அக்கா அந்தோணியம்மாளை ஆனைக்கல்லில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் பெருநாளன்று அவள் தன் வீட்டுக் கூரைமேல் ஒரு சிவப்புச் சேலையை விரித்துப் போடுவாள். பாறையிலிருந்து பார்த்தால் ஒரு பொட்டு மாதிரித் தெரியும். கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

பேண்டு செட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது லயன்காரர்கள் வீட்டுக்கு வீடு வரி போட்டு வாங்கியது. முதலில் ஆண்கள்தான் வாசித்தார்கள். திருப்பூருக்கும் எறணாகுளத்துக்கும் வேலைக்கென்று ஒவ்வொருத்தராக இறங்கிப் போக, வாத்தியங்கள் கோயில் அலமாரிக்குள் தூங்க ஆரம்பித்தன. கத்தரீனாளின் வீட்டுக்காரர் ஏசுரத்தினம் ட்ரம்பெட் வாசித்தவர்; இளைப்பு வந்த பிறகு அவரால் ஊத முடியவில்லை. ஒரு பெருநாளுக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். அன்றைக்கு எதிர்மலைக் கூரையில் சிவப்புச் சேலை விரியவில்லை. மறுநாள் கத்தரீனாள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டு வாசலில் போய் நின்று அலமாரிச் சாவியைக் கேட்டாள்.

"பொம்பளைக ட்ரம்பெட் ஊதுனா கன்னம் உப்பிப்போயி பாக்கச் சகிக்காது, கத்தரீனா" என்றார் உபதேசியார்.

"கன்னம் என்னுது. சாவியக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. ஏசுரத்தினம் திண்டாடித் திண்டாடி மூச்சு வாங்கச் சொல்லிக் கொடுத்தார். அவள் உதடு வீங்க வீங்கக் கற்றுக்கொண்டாள். பெரிய டிரம்முக்கு ராமுத்தாய் வந்தாள். ராமுத்தாய் மாரியம்மன் கோயில்காரி. செபஸ்தியாருக்கு டிரம் அடித்தால் மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாளா என்று யாரோ கேட்டபோது, "ரெண்டு பேரும் ஒரே எஸ்டேட்ல தானடி குடியிருக்காக, அவுக பேசிக்கிடுவாக" என்று சொல்லிவிட்டாள். இப்படியாக ஒன்பது பெண்கள் சேர்ந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து பழகினார்கள். அடுத்த பெருநாளுக்குச் சிவப்புச் சேலை விரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்தோணியம்மாள் இறந்துபோனாள். செய்தி போனில் வந்தது. ரோடு மண்சரிவில் போயிருந்தது. ஜீப்புக்காரன் காலில் விழாத குறையாகக் கேட்டும் வண்டி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான். மேகம் விலகிய ஒரு இடைவேளையில் அக்கா வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடியிருப்பதைக் கத்தரீனாள் பாறையில் நின்று பார்த்தாள். கண்ணுக்குத் தெரிகிற வீட்டுக்குப் போய் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுதாள். பிறகு ஆளனுப்பி எட்டுப் பேரையும் வரச்சொன்னாள்; குடைக்குக் கீழே நின்று ஒன்பது பேரும் எதிர்மலையைப் பார்த்து வாசித்தார்கள். சத்தம் கேட்ட இடத்திலேயே பெட்டியை இறக்கிவைத்து, பாட்டு முடிந்த பிறகுதான் தூக்கினோம் என்று அத்தான் பின்னால் சொன்னார். சிலுவைப்பாறையில் வாசிப்பது அவளுக்கு என்ன என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இப்போது பூபதிராஜாவுக்கு வருவோம்.

பூபதிராஜா பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்க்காரர். தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள குடும்பம். விவசாயத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடக்கிற கோயில் திருவிழாக்களுக்கெல்லாம் செண்டை, பேண்டு, ஆர்கெஸ்ட்ரா பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஆனவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வாயைத் திறந்தால் மரியாதை. நாயை விரட்டினால்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார் போலிருக்கும். டூரிஸ்ட் யாரோ எடுத்துப் போட்ட வீடியோவில் கீழ்ப்பாறைப் பெண்கள் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு மலையேறி வந்தார். ஆனைக்கல் மைதானத்தில் மாசி பிறக்கும் முன் ஒரு பெரிய குளிர்கால விழா. மேடை, விளக்கு, டிவிக்காரர்கள் எல்லாம் உண்டு. முதல் நாள் திறப்புக்கு இந்தப் பெண்கள் செட்தான் வேண்டும் என்றார்.

"இது மட்டும் நல்லா அமைஞ்சுதுன்னா வருசம் பூரா உங்களுக்கு புக்கிங் தானுங்கக்கா. எங்க சித்தூர்ப் பக்கத்துத் தேருக்கெல்லாங்கூட கூட்டீட்டுப் போவனுங்க" என்றார்.

ஒப்பந்தம் போட்டது ஜங்ஷனில் உள்ள போட்டோஸ்டாட் கடையில். கத்தரீனாளின் மகள் ஜிஷா அங்கேதான் வேலை பார்க்கிறாள். இங்கிலீஷில் இருந்ததை அவள்தான் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். நடுவில் ஒரு வரி வந்தது: விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து விழா முடிந்து இரண்டு வாரம் வரை, ஆனைக்கல் மைதானத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இந்தக் குழு வேறெங்கும் வாசிக்கக் கூடாது. கூலிக்கும் கூடாது, சும்மாவும் கூடாது.

செபஸ்தியார் பெருநாள் அந்த ஒரு மாதத்துக்குள்தான் வரும். கத்தரீனாள் மகளிடம் மெதுவாகக் கேட்டாள், "ஆனைக்கல் இங்க இருந்து எத்தன கிலோமீட்டருடி?"

"நாப்பத்தாறும்மா. கண்டக்டரே சொல்லுவாரே."

"அப்பச் சரி, நமக்கில்ல" என்று கையெழுத்தைப் போட்டாள்.

பூபதிராஜாவும் அதற்கு முன்பே தன் போனில் பார்த்திருந்தார். கீழ்ப்பாறை அந்த நாற்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் எஸ்டேட்டுக்குள் என்ன பெரிய கச்சேரி நடந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார். அவருடைய ஊரில் ரோடு, கோடு கிழித்த மாதிரி வயலுக்கு நடுவே போகும். அங்கே பார்க்கிற தூரமும் போகிற தூரமும் ஒன்றுதான். இவள் மலைக்காரி, அவர் சமவெளிக்காரர். தூரம் என்றால் தூரம்தானே, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கோட்டுகள் வந்தன. சிவப்புக் கோட்டு, தங்கநிறப் பட்டை, தலைக்குத் தொப்பி, முதுகில் பூபதிராஜாவின் கம்பெனிப் பெயர். ஒன்பது பேரும் போட்டுப் பார்த்தார்கள். ராமுத்தாய் அதைக் கழற்றாமலேயே அடுப்படி வரை போய் வந்தாள். கத்தரீனாள் கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்வானேன், அந்த மேடைமேல் அவளுக்கு ஆசை இருந்தது. கொள்ளை ஆசை இருந்தது. தலையில் சாக்கும் முதுகில் கூடையுமாகவே பார்த்துப் பழகிய ஊருக்கு முன்னால் ஒரு தடவையாவது அந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தது.

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கொழுந்துக் காட்டில் நிற்கும்போது போன் வந்தது.

"அக்கா, சித்தூர் பூபதிராஜா பேசறனுங்க. நல்லாருக்கீங்களா? அந்தக் கோயில் நோட்டீஸ வாட்ஸாப்புல பாத்தனுங்க. மகளிர் பேண்டு இசை முழங்கன்னு போட்டிருக்குதுங்களே."

"ஆமா சார். பெருநாளுக்கு எங்க செட்டுத்தான எப்பவும்."

"அது ஆவாதுங்கக்கா. நாப்பது கிலோமீட்டருக்குள்ள வருதில்லீங்க."

"எங்க வருது? நாப்பத்தாறு சார்."

"போன்ல பாத்தா அஞ்சு தானுங்க காட்டுது."

கத்தரீனாளுக்கு முதலில் புரியவே இல்லை. "அஞ்சா? எந்த ரோட்டு வழியா?"

"ரோடு இல்லீங்க, நேரா. இங்கிருந்து அங்கெ கோடு போட்டாப்புல."

"நேரா எவன் வந்தான் சார்? காக்கா வரும். நாங்க காக்காவா?"

அவர் மரியாதை குறையாமல்தான் பேசினார். கமிட்டிக்காரர்கள் மேப்பை வைத்துத்தான் பார்ப்பார்கள் என்றார். முதல் மேடையே கெட்டுப்போனால் அப்புறம் எந்த ஏஜென்ட்டும் இந்தச் செட்டைத் தொட மாட்டான் என்றார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மிரட்டினால் திருப்பி ஒரு கை பார்க்கலாம்.

சங்கு ஊதியது. சாயா குடிக்க உட்கார்ந்த இடத்தில் கத்தரீனாள் விஷயத்தைச் சொன்னாள்.

"மதினி," என்றாள் ராமுத்தாய், "ஒரு வருசம் ரேடியோசெட்டுல போட்டுக்கிடட்டுமே. செபஸ்தியார் எங்கயும் ஓடிப்போயிர மாட்டாரு. மேடை போனாத் திரும்ப வராது."

இன்னொருத்தி, நோட்டீசில் பெயரை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் வாசித்துவிடலாம் என்றாள். ஜிஷா கூட அன்று மாலை அதைப் போலத்தான் ஒன்று சொன்னாள். டிரம்மை மட்டும் அடிக்கலாம், ட்ரம்பெட் வேண்டாம், அப்போது பேண்டு என்று யாரும் சொல்ல முடியாது என்று அவளுக்கு ஒரு யோசனை.

"ஒளிச்சு மறைச்சு வாசிக்க நான் என்ன சாராயமாடி காய்ச்சுதேன்?" என்றாள் கத்தரீனாள். "எங்க வரில வாங்குன கொட்டு, எங்க கோயில், எங்க பாறை. இதுக்கு நான் எவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?"

"நீதானம்மா கையெழுத்துப் போட்ட."

"போட்டேன். இல்லங்கல. நாப்பதுக்குப் போட்டேன். நாப்பத்தாறுக்குப் போடல."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற எட்டுப் பேரின் ஆசையையும் சேர்த்துத்தான் கெடுக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஏசுரத்தினம் எதிரே உட்கார்ந்து இளைத்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார், "ஒங்கக்கா இருந்திருந்தா என்ன செய்வா?"

"கூரைமேல சேலையக் காயப்போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருப்பா" என்றாள். சொன்னதும் முடிவும் வந்துவிட்டது. மறுநாள் காட்டுக்குப் போய் மற்றவர்களிடம் சொன்னாள்: "நான் வாசிக்கப் போறேன். வாரவுக வாங்க. வராதவுக மேல எனக்கு வருத்தமில்ல. மேடைக்குப் போகணும்னா என்னிய விட்டுட்டு நீங்க போங்க, ட்ரம்பெட்டுக்கு வேற ஆளு அவரே பிடிப்பாரு."

ராமுத்தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பெருநாள் வந்தது. பூசை முடிந்து சப்பரம் கிளம்பும் நேரம். கத்தரீனாள் தன் கல்யாணச் சேலைக்கு அடுத்தபடி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டு கோயில் வாசலில் நின்றாள். யார் வருவார்கள் என்று அவள் தெருவைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாகத் தலையைக் குனிந்திருந்தாள். தொம் என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம். ராமுத்தாய் பெரிய டிரம்மோடு நின்றாள். பின்னால் ஏழு பேர். எல்லாரும் சேலையில் வந்திருந்தார்கள். மடித்த கோட்டுகள் ஒரு சாக்கில் இருந்தன.

"என்ன பாக்குத? கோட்டு இடுப்பப் பிடிக்குது, டிரம்மு நிக்க மாட்டேங்குது" என்றாள் ராமுத்தாய், சிரிக்காமல்.

அந்த நேரத்தில்தான் பூபதிராஜாவின் கார் வந்து நின்றது. ஆனைக்கல்லில் மேடை போடும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நேரில் சொன்னால் கேட்பார்கள் என்று காலையிலேயே கிளம்பியிருக்கிறார். பூப்பாறைக்கு முன்னால் ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அதைத் தாண்டினால் மூடுபனி. மூடுபனியைத் தாண்டினால் வளைவு, வளைவுக்கு மேல் வளைவு. இரண்டு இடத்தில் இறங்கி வாந்தி எடுத்திருந்தார். வெள்ளைச் சட்டையில் கறை, முகம் வெளிறி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜிஷா ஓடிப்போய் ஸ்டூலும் எலுமிச்சம்பழம் பிழிந்த கட்டன் சாயாவும் கொண்டுவந்தாள்.

கத்தரீனாள் அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்தாள். அப்புறம் கேட்டாள், "அஞ்சு கிலோமீட்டர் எப்படி சார் இருந்துச்சு?"

அவர் காலி டம்ளரை ஸ்டூலுக்குக் கீழே வைத்தார்.

"உங்க பேப்பர்ல எதுக்கு அப்படி எழுதியிருக்கீக? வெவரமாச் சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்."

"அது வந்துங்கக்கா... ஒரே சனம் பக்கத்துலயே ஓசில பாத்துப்போட்டா விழாவுக்குக் கூட்டம் வராதில்லீங்க. அதுக்குத்தானுங்க."

"இங்க நிக்கிற சனத்தப் பாருங்க. இதுல உங்க விழாவுக்கு எத்தன பேரு வருவாக? நீங்க காரில வந்தே இந்தக் கோலம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி எவ வருவா? எங்க செபஸ்தியாரு உங்க கூட்டத்தப் பிடிச்சு வெச்சுக்கிட்டாரா?"

"நீங்க சொல்றது ஞாயந்தானுங்க. ஆனா மேப்புல..."

"மேப்புல எங்கக்கா வீடு அஞ்சு கிலோமீட்டரு சார்." அவள் குரல் உடைந்தது, உடைந்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "அவ செத்தப்ப ரோடு இல்ல. அந்தா, அந்தப் பாறைல நின்னு அவ முற்றத்தப் பாத்தேன். அஞ்சு கிலோமீட்டருன்னு அன்னிக்கு ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா நான் அவன் சட்டையப் பிடிச்சுருப்பேன். நாங்க போகணும்னா நாப்பத்தாறு, எங்களத் தடுக்கணும்னா மட்டும் அஞ்சா?"

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். உபதேசியார் அவசரமாக அடக்கினார்.

கத்தரீனாள் சாக்கை எடுத்து அவர் கார் மேல் வைத்தாள். "கோட்டு ஒம்பதும் இருக்கு. தொப்பியும் இருக்கு. மடிப்புக் கலையல. உங்கள ஏமாத்தணும்னு நாங்க நெனைக்கல, ஒளியவும் இல்ல. வேற செட்டப் பிடிச்சுக்கிடுங்க. நேரமாச்சு, சப்பரம் நிக்குது."

வெடி வெடித்தது. சப்பரம் நகர்ந்தது. ஒன்பது பெண்களும் முன்னால் நடந்தார்கள். பூபதிராஜா ஸ்டூலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். உடனே திரும்பிப் போக வேண்டுமானால் மறுபடி அந்த வளைவுகளில்தான் போக வேண்டும். வயிறு இடம் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து கூட்டத்தோடு கூட்டமாகப் பாறைக்கு ஏறினார்.

சிலுவைப்பாறையில் பனி விலகியிருந்தது. எதிரே ஆனைக்கல் மைதானமும், பாதி எழும்பிய மேடையும், அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஆட்களும் தெரிந்தார்கள். அவர் காலையில் விட்டு வந்த மேடை. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. அவர் அதைப் பார்த்தார், திரும்பித் தான் வந்த ரோட்டைப் பார்த்தார், மறுபடி மேடையைப் பார்த்தார்.

சப்பரத்தைக் கிழக்கே திருப்பினார்கள், தெற்கே திருப்பினார்கள், மேற்கே திருப்பினார்கள். கடைசியாக எதிர்மலையைப் பார்த்து நிறுத்தினார்கள். கத்தரீனாள் பாறையின் விளிம்புக்குப் போய்க் காலை ஊன்றிக்கொண்டாள். ஒரு தடவை மேடையைப் பார்த்தாள். ஆசை இன்னும் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தாள்.

அவள் அன்று வாசித்ததைப் போல அதற்கு முன் வாசித்ததில்லை என்று ஏசுரத்தினம் இன்றைக்கும் சொல்கிறார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, உபதேசியார் சொன்னபடியே பார்க்கச் சகிக்கவில்லை. ராமுத்தாய் டிரம்மைப் போட்டு வெளுத்துக் கட்டினாள். பள்ளத்தாக்கு அந்தச் சத்தத்தை வாங்கி அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தது. மைதானத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஆட்கள் நின்றார்கள். ஆனைக்கல் லயன் வீடுகளில் முற்றத்துக்கு முற்றம் ஆட்கள் வெளியே வந்தார்கள். அந்தோணியம்மாள் இருந்த வீட்டுக் கூரைமேல் யாரோ ஏறினார்கள். சிவப்பாக ஒரு பொட்டு விரிந்தது. அக்காவின் மகள்களில் ஒருத்தியாக இருக்கும். கத்தரீனாளுக்குக் கண் மறைத்தது. ஊதுவதை மட்டும் விடவில்லை.

பாட்டு முடிந்த நிமிஷம் பூபதிராஜாவின் போன் அடித்தது. விழாக் கமிட்டிக்காரர். மைதானத்தில்தான் நிற்கிறார். மலையாளத்தில் அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது: எதிரே மலையில் பேண்டு வாசிக்கிறார்களே, அது நம் பெண்கள் செட்தானா? நம் எல்லைக்குள் எப்படி வாசிக்கிறார்கள்? ஒப்பந்தம் போட்டீரா இல்லையா?

கத்தரீனாள் ட்ரம்பெட்டைக் கீழே இறக்காமல் அவரையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. என்ன சொல்வதானாலும் சொல்லிக்கொள், நான் வாசித்தாகிவிட்டது என்கிற பார்வை.

பூபதிராஜா கறைபட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"நம்ம செட்டு தானுங்க," என்றார் போனில். "ஆனா எல்லைக்குள்ள இல்லீங்க. நானே இப்பத்தான் வண்டீல வந்து அளந்தனுங்க. நாப்பத்தாறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கமுங்க."

போனை அவர் இன்னும் அணைக்கவில்லை. எத்தனை, எத்தனை கிலோமீட்டர் என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

"ராமுத்தாயி," என்றாள் கத்தரீனாள், "அவுகளுக்கு நல்லாக் கேக்கலையாம். இன்னொருக்க அடி."